ஸ்கோர் எழுதச் சொன்னார்கள்

அலுவலகத்தில் பெண்களுக்கென்று ஒரு கிரிக்கெட் அணி சேர்க்கப்போகிறோம் என்று அறிவித்த அன்று நான் கையைத் தூக்காமல் இருந்திருக்கலாம். மதியச் சாப்பாட்டு நேரம். கம்பெனியின் கிளைகளுக்குள் நடக்கிற போட்டி, டென்னிஸ் பந்து, ஒரு பக்கத்துக்கு எட்டே ஓவர். அணித்தலைவியாக இருக்க ஒப்புக்கொண்டிருந்த பெண் மண்டியாப் பக்கத்துக்காரி, இருபத்தைந்து வயசு இருக்கும். "முன்னாடி ஆடினவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று மூன்று பாஷையிலும் கேட்டாள். எல்லாரும் டப்பாவைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தூக்கினேன்.

பொய்யில்லை. எங்கள் அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மைனிங் லைன் வீடுகளுக்கு நடுவே இருந்த சந்தில் என் அண்ணன்களோடு ஆடி வளர்ந்தவள் நான். பந்து போட ஆள் குறையும்போது என்னைக் கூப்பிடுவார்கள். அந்தச் சந்தில் ஓடிவந்து வேகமாகப் போட இடம் கிடையாது, அதனால் ஆஃப் ஸ்பின் பழகினேன். காலேஜ் அணியிலும் இரண்டு வருஷம் போட்டேன். பிறகு சுரங்கத்தை மூடினார்கள், அப்பா வீட்டில் உட்கார்ந்தார், எனக்கு வேலை தேட வேண்டியிருந்தது. கல்யாணம் ஆகி ராபர்ட்சன்பேட்டை வந்தேன். கணவருக்கு பஜாரில் பாத்திரக்கடை, அவருடைய தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது. நான் பெங்களூருக்கு ரயிலில் போய் வந்து கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒரு மகள், ஒன்பதாம் வகுப்பு. பந்தைத் தொட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று கை தூக்கும்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

முதல் பயிற்சி அலுவலகத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு விடுகிற ஒரு டர்ஃபில் நடந்தது. சுற்றிலும் வலை, கீழே பச்சைப் பிளாஸ்டிக் புல். என் கையில் பந்தைக் கொடுத்தார்கள். விரல்களுக்குப் பிடி மறந்திருக்கவில்லை. அதில் ஒரு சந்தோஷம் வந்தது. நாலடி நடந்து கையைச் சுற்றினேன். பந்து பாதித் தூரத்திலேயே விழுந்து, இரண்டு தடவை குதித்து, உருண்டு போனது. மட்டையோடு நின்ற பெண் அதை அடிக்காமல் காலால் நிறுத்தித் திருப்பி அனுப்பினாள். அடுத்ததற்குப் பலத்தைக் கூட்டினேன். அது வலையின் மேல் போய் விழுந்தது. மூன்றாவது பந்தில் தோளுக்குள் ஏதோ இழுத்தது.

பிறகு எல்லாரையும் ஜோடி ஜோடியாக ஓட்டம் எடுக்கச் சொன்னாள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடித் திரும்பி வர வேண்டும். போகும்போது சமாளித்தேன். திரும்பும்போது உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. பாதி வழியில் காது அடைத்துக்கொண்டது. பச்சைப் புல் மெல்லக் கறுத்துக்கொண்டே வந்தது. வலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தலைவிப்பெண் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தாள். "குத்கோளி மேடம், குத்கோளி" என்று தோளை அழுத்தி உட்கார வைத்தாள். என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, மனசு நோகாமல் சொல்ல வேண்டுமென்று யோசித்துச் சொன்னாள்: "மேடம், நீங்க அக்கவுண்ட்ஸ்தானே. எங்களுக்கு ஸ்கோர் எழுத நல்ல ஆளே இல்லை."

நல்ல பெண். அதனால்தான் அது இன்னும் ஆழமாகப் போனது.

சாயங்கால ரயிலில் என் பக்கத்தில் உட்காரும் அக்காவிடம் இதைச் சொன்னேன். ஐம்பதைத் தாண்டியவர், பெங்களூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் துணிமணிப் பிரிவில் வேலை. எங்கள் ரயில் சிநேகம் பல வருஷத்தது. யார் முதலில் ஏறுகிறோமோ அவர் பையைப் போட்டு மற்றவருக்கு இடம் பிடிப்பது வழக்கம்.

"ஸ்கோர் எய்தேன், இன்னா இப்போ?" என்றார் அக்கா. "உக்காந்துகினு செய்ற வேலைதானே. நாம நாள் பூரா ஓடற ஓட்டம் பத்தாதா?"

சரி என்றுதான் எனக்கும் பட்டது. விடியுமுன் எழுந்து, சோறு வடித்து, குழம்பு கூட்டி, மூன்று டப்பா கட்டி, கோரமண்டல் ஸ்டேஷனுக்கு ஓடி, நின்றபடியோ உட்கார்ந்தபடியோ பெங்களூர் போய், கணக்குப் பார்த்து, திரும்பவும் அதே தூரம். ஞாயிற்றுக்கிழமை துணி. இதற்கு மேல் நான் எதற்கு ஓட வேண்டும்? ரயில் மாலூரைத் தாண்டுவதற்குள் ஸ்கோர் எழுதச் சம்மதித்திருந்தேன்.

மறுநாள் காலையில் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. மகள்தான் எனக்குத் தலை வாரிவிட்டாள். கணவர் கடை சாவியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோள் வலி சரி. மூஞ்சி ஏன் இப்டி வெளுத்துக் கீது?" என்றார்.

"என் மூஞ்சி எப்பவும் இப்படித்தானே இருக்குது."

"அதான் நானும் கேக்கிறேன்."

சனிக்கிழமை விடுப்பு போட வைத்து, பஜாரிலேயே ஒரு பெண் டாக்டரிடம் அழைத்துப்போனார். டாக்டரம்மா என் கீழ்க்கண் இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தை அழுத்திப் பார்த்தார். மாசாமாசம் போவது அதிகமா என்று கேட்டார். அதிகம்தான் என்றேன். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ரத்தம் எடுக்கச் சொல்லி, முடிவு வந்ததும் அந்தத் தாளில் ஒரு எண்ணைப் பேனாவால் சுழித்தார்.

"எவ்ளோ நாளா இப்படி டயர்டா இருக்கீங்க?"

யோசித்தேன். மகள் பிறந்த பிறகா, அதற்கு முன்பா, இந்த வேலையில் சேர்ந்த பிறகா? எங்கிருந்து ஆரம்பம் என்று எவ்வளவு தேடியும் பிடிபடவில்லை. களைப்பு என்பது என் நிறம் போல, உயரம் போல, எனக்கு உள்ளது என்று நான் வைத்துக்கொண்டிருந்தேன். அது ஒரு நோய், அதற்கு மாத்திரை உண்டு என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

"உடம்புல ரத்தமே இல்லாம கிரிக்கெட் ஆடப் போயிருக்கீங்க" என்றார் டாக்டரம்மா. திட்டவில்லை, அலுப்பாகத்தான் சொன்னார். அவரிடம் அன்று எனக்கு முன்னாலும் பின்னாலும் உட்கார்ந்திருந்த பெண்களின் முகமெல்லாம் என் முகம் போலவேதான் இருந்தது.

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கக்கூடாது. அதுதான் பெரிய தண்டனை. வயிறு கல்லாக இறுகியது, வாயில் துரு வாசனை. கணவர் பஜாரிலிருந்து முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் வாங்கிவந்து கொட்டினார். கீரையை யார் ஆய்வது என்று ஒரு ராத்திரி சண்டை வந்தது. பிறகு கடையில் வியாபாரம் இல்லாத மதிய நேரத்தில் அவரே கல்லாவில் உட்கார்ந்து கீரை ஆய்ந்து பையில் கொண்டுவர ஆரம்பித்தார்.

சில வாரங்களில் எனக்கு வித்தியாசம் தெரிந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. பெங்களூர் ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறும்போது பாதியில் நிற்கிற வழக்கம் எனக்கு உண்டு, செல்போனை எடுத்துப் பார்ப்பது போல நிற்பேன். ஒருநாள் மேலே வந்து சேர்ந்த பிறகுதான் நிற்காமல் வந்துவிட்டேன் என்று தெரிந்தது. அன்று ரயில் கிளம்பக் காத்திருக்கும்போது உள்ளே போய் உட்காரவில்லை. பிளாட்பாரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தேன். மறுநாளும் நடந்தேன். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து, எதையோ தொலைத்துவிட்டேனா என்று கேட்டார்.

"இன்னாத்துக்கு இந்த வேண்டாத வேலை?" என்றார் ரயில் அக்கா. ஆனால் நான் நடந்து முடிக்கும் வரை பையைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்தார்.

ஸ்கோர் எழுத ஒரு பயிற்சிக்குப் போனேன். எழுதினேன். அண்ணன்களோடு ஆடிப் பழகிய என் கண்ணுக்கு, ஆஃப் ஸ்பின் போட ஒருத்திகூட இல்லை என்பது தெரிந்தது. எல்லாரும் நேராக, வேகமாகப் போட்டார்கள், அடி வாங்கினார்கள். அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம், "ஞாயித்துக்கிழமை காலைல என்கூட கிரவுண்டுக்கு வர்றீங்களா?" என்றேன்.

"நானா? எனக்கு கிரிக்கெட்டுல இன்னா தெரியும்?"

"தெரிய வேணாம். நான் பந்து போடுவேன். நீங்க அந்தாண்ட நின்னு எடுத்துப் போட்டா போதும்."

ஞாயிற்றுக்கிழமையும் அவர் கடை திறப்பார். அதற்கு முன் இருக்கிற கொஞ்ச நேரத்தில் நந்திதுர்க் பக்கத்து மைதானத்துக்குப் போனோம். அங்கே பையன்கள் மேட்ச் ஆடிக்கொண்டிருந்தார்கள். இவர் போய் பேசி, ஓரமாக ஒரு துண்டு இடம் வாங்கினார். இரண்டு செங்கல்லை நிற்க வைத்தோம். தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்து கிடக்கிற சயனைடு மேட்டுப் பக்கமிருந்து காற்று வந்தால் வெள்ளைத் தூசி கண்ணில் விழும். நான் சுடிதாரில், இவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தோளில் துண்டோடு நின்றார்.

நடைப்பயிற்சிக்கு வந்த பெண்கள் நின்று பார்த்தார்கள். தெரிந்த ஒரு அம்மா, "இன்னாம்மா, பசங்க ஆட்றது பத்தாதுன்னு நீயுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார். எனக்குக் கூச்சமாக இருந்தது. இவருக்கு அதைவிட. ஆனால் யாரும் என்னைப் பற்றிப் பேச வாய்ப்பில்லாதபடி இவருடைய பந்து பிடிக்கும் அழகு இருந்தது. வருகிற பந்துக்குப் பயந்து காலைத் தூக்கிக்கொள்வார். பந்து பின்னால் போய்விடும். நடந்தே போய் எடுப்பார். மூச்சு வாங்கத் திரும்பி வந்து, "ஒருதடவ நேராப் போடேன்" என்பார்.

தோள் மெல்லத்தான் இளகியது. முதலில் கையைச் சுற்றாமல் வெறுமனே எறிந்து பழகினேன். பிறகு நின்ற இடத்திலிருந்து. பிறகு நாலடி நடந்து. திங்கட்கிழமை ரயிலில் கம்பியைப் பிடிக்க முடியாமல் இடது கைக்கு மாற்றிக்கொள்வேன். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு இரண்டு ஞாயிறு போகாமலே இருந்தேன். அந்த ஞாயிறுகளில் தூங்கினேன். இன்னொரு தடவை மழை. இன்னொரு தடவை ஒன்றுமே காரணமில்லை, எழுந்திருக்கப் பிடிக்கவில்லை. திரும்பப் போகும் ஒவ்வொரு தடவையும் முதல் நாள் போலவே வலித்தது. இதில் உற்சாகம் என்று பெரிதாக எதுவும் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. செய்யாமல் விட்டால் இன்னும் களைப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

ஒருநாள் சாயங்காலம் ரயிலில் அக்காவின் பை இல்லை. அடுத்த நாளும் இல்லை. போன் செய்தால் முழங்கால் வீங்கிவிட்டது என்றார். அந்த ஞாயிறு பந்து போட்டு முடித்துவிட்டு, மைதானத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். இவர் கடைக்குப் போய்விட்டார்.

அக்கா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்கால்களில் துணி சுற்றியிருந்தது. எனக்கு டீ ஆகாது என்று தெரிந்து மருமகளிடம் ராகி மால்ட் காய்ச்சச் சொன்னார்.

"வேலைய விட்டுட்டேன்" என்றார். "மாடிப்படி ஏறக்கூடாதுன்ட்டாரு டாக்டரு. ஆஸ்பத்திரில நாலு மாடி. ஸ்டேஷன்ல வேற. எப்டிப் போறது?"

நான் மால்ட்டை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"ட்ரெயின்ல இப்போ யாரு இடம் புடிக்கிறாங்க உனுக்கு?"

"யாரும் இல்லக்கா. நின்னுகினுதான் வரேன்."

காலைத் தடவிக்கொண்டார். பிறகு, "முப்பது வருசம் அந்த ட்ரெயின் பின்னாடி ஓடிகீறேன். ஒருநாளும் ஒடம்புக்கு நல்லதுன்னு ஓடல" என்றார். "நீ உட்றாத. ஆடு."

அதுவரை என்னை ஆட வேண்டாம் என்று சொல்லிவந்தவர் அவர் ஒருத்தர்தான். அவரே இப்படிச் சொன்னது எனக்குச் சந்தோஷம் தரவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது என் முழங்காலையே கவனித்துக்கொண்டு நடந்தேன்.

அடுத்த பயிற்சியில் தலைவிப்பெண்ணிடம் ஒரே ஒரு ஓவர் போட்டுக் காட்டுகிறேன் என்றேன். அவள் தயங்கினாள், தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். முதல் பந்து அகலமாகப் போனது. மிச்சமெல்லாம் விழ வேண்டிய இடத்தில் விழுந்தன. ஒன்று நன்றாகத் திரும்பி உள்ளே வந்து மட்டைக்கும் காலுக்கும் நடுவே புகுந்தது. மட்டையோடு இருந்த பெண் பந்தைத் திரும்பிப் பார்த்தாள். அன்று அணியின் மாற்று ஆட்டக்காரியாக என் பெயர் ஏறியது. போட்டிக்கு முந்தின வாரம் ஒருத்திக்குக் காய்ச்சல் வந்ததால் பதினொருத்தியில் நானும் ஒருத்தியானேன்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரில். இவர் கடையைப் பூட்டிவிட்டு என்னோடு கிளம்பினார். மகளை அண்ணன் வீட்டில் விட்டோம். பஜாரில் பிறந்து பஜாரிலேயே வளர்ந்த மனிதர். சரக்கு எடுக்க மாசத்துக்கு ஒருமுறை வேனில் போவாரே தவிர, நான் போகிற ரயிலில் போனதில்லை.

எனக்கு இரண்டு ஓவர் கொடுத்தாள். விக்கெட் விழவில்லை. ஒரு கேட்ச் நேராக மிட் ஆனில் நின்ற பெண்ணின் கைக்குள் போய் வெளியே விழுந்தது. அவள் அழுவது போல நின்றாள். பரவாயில்லை என்று கை காட்டினேன். ஃபீல்டிங்கில் குனிந்து எடுக்க முடிந்த பந்துகளை எடுத்தேன், குனிவதற்குள் போனவை போய்விட்டன. கடைசியில் மட்டை பிடிக்கவும் இறங்க வேண்டி வந்தது. எதிர்முனையில் தலைவிப்பெண். அவள் லெக் சைடில் தட்டிவிட்டு ஓடினாள், நானும் ஓடினேன். ஒன்று முடிந்தது. அவள் என்னைப் பார்த்தாள். கூப்பிடலாமா என்ற யோசனை அவள் முகத்தில் நன்றாகத் தெரிந்தது. நான் திரும்பி ஓட ஆரம்பித்துவிட்டேன். மூச்சு நெஞ்சைக் கிழித்தது, ஆனால் கண் தெளிவாக இருந்தது. கோடும் பந்து போட்டவளின் நீட்டிய கையும் அதற்குள் பந்து இல்லாததும் எல்லாம் தெரிந்தன. கோட்டைத் தாண்டினேன். அதற்கு அடுத்த பந்தில் அவள் போல்டு. தோற்றோம்.

"நெக்ஸ்ட் இயர், மேடம்" என்று கை கொடுத்தாள். அடுத்த வருஷத்துக்குள் அவள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். அதன் பிறகு அணி சேர்க்க யாரும் வரவில்லை.

திரும்பும் ரயிலில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஊருக்கு வந்துவிட்டுத் திரும்புகிறவர்கள், மூட்டைகள், குழந்தைகள். உட்கார இடமில்லை. கதவுப் பக்கம் இடிபட்டுக்கொண்டு நின்றோம். நான் பழக்கத்தில் கம்பியில் சாய்ந்துகொண்டேன். இவர் ஒருகாலில் நின்று, மறுகாலுக்கு மாறி, வியர்த்து, மாலூர் வரை வந்தார். அங்கே ஒரு இடம் கிடைத்தது. என்னை உட்காரச் சொன்னார். நீங்க உக்காருங்க என்றேன். உட்கார்ந்தவர் அண்ணாந்து பார்த்தார்.

"தெனமும் இப்டியா போய்ட்டு வர்ற?"

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. கூட்டம் கம்மி."

பங்காரப்பேட்டை வரை முழித்திருந்தார், அதன் பிறகு தூங்கிவிட்டார். இறங்கும்போது நான்தான் தட்டி எழுப்பினேன்.

மறுநாள் விடியுமுன் நான் எழுந்தபோது சமையலறையில் விளக்கு எரிந்தது. பாத்திரக்கடைக்காரர், எந்தப் பாத்திரத்தில் எத்தனை பேருக்குச் சோறு வடியும் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்லத் தெரிந்தவர், அடுப்பில் பொங்கிவழிகிற உலையை வெறும் துண்டால் இறக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிட்டே போனேன். "நீ போய் இன்னும் கொஞ்சம் படு" என்றார். படுக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தேன். உட்கார்ந்து அவர் வடிப்பதைப் பார்த்தேன்.

இப்போதும் காலைச் சோறு அவர் வடிப்பதுதான். பாதி நாள் குழைந்துபோகிறது. மாத்திரையை டாக்டரம்மா நிறுத்திவிட்டார். ஞாயிறுகளில் முடிந்தால் மைதானத்துக்குப் போகிறோம், முடியாவிட்டால் போவதில்லை. போன வாரம் ஒரு பந்தை இவர் காலைத் தூக்காமல் பிடித்தார்.